இரண்டாவது கேட்வே எப்போது கைகொடுக்கும்? செஞ்சியை முன்வைத்து ஓர் ஆய்வு

செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களுள் ஒன்று. கிழக்கே திண்டிவனம், மேற்கே திருவண்ணாமலை, தெற்கே விழுப்புரம், வடக்கே சேத்துப்பட்டு என நான்கு திசைச் சாலைகளும் வந்து கூடும் ஊர். சுற்றுவட்டாரக் கிராமங்களின் நெல் இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வந்து குவிகிறது. பத்திரப் பதிவுக்கும் பட்டாவுக்கும் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் மக்கள் இங்கேதான் வருகிறார்கள். 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்த பிறகு தமிழ்நாட்டில் பத்திரப் பதிவு இணையம் வழியேதான் நடக்கிறது. ரேஷன் கடையின் விற்பனைக் கருவி முதல் இ-சேவை மையத்தின் சான்றிதழ் வரை எல்லாம் தொலைவில் உள்ள ஏதோ ஒரு சர்வரைக் கேட்டுத்தான் பதில் சொல்கின்றன.

இப்படிப்பட்ட ஊர்களில் கவுன்ட்டருக்கு வெளியே அடிக்கடி காதில் விழும் வார்த்தை, 'சர்வர் வேலை செய்யல.' பல நேரங்களில் அந்த சர்வர் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அறுந்தது இங்கேயே, அதே கட்டடத்தின் ஓர் அறையில் இருக்கும். அலுவலகத்தின் அத்தனை கணினிகளும் வெளியுலகுக்குப் போக நம்பியிருந்த ஒரே கேட்வே நின்றுபோயிருக்கும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி வந்தவர் மறுநாளும் வர வேண்டும். இந்த ஒற்றைப் புள்ளி பழுதாகும்போது இன்னொன்று தானாகப் பொறுப்பேற்கும்படி நெட்வொர்க் ஸ்விட்சுகளை அமைப்பது எப்படி, அதற்கான வழிகள் எவை, அவை எங்கே கைவிடுகின்றன, சிறு நகரம் ஒன்றுக்கு எது பொருந்தும் என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

ஒரே முகவரியின் சிக்கல்

அலுவலகக் கணினி ஒவ்வொன்றிலும் டீஃபால்ட் கேட்வே என்று ஒரு முகவரி பதிவாகியிருக்கும். 192.168.10.1 என்று வைத்துக்கொள்வோம். தன் நெட்வொர்க்குக்கு வெளியே போக வேண்டிய ஒவ்வொரு பாக்கெட்டையும் கணினி அந்த முகவரிக்கே கொடுக்கும். அந்த முகவரிக்கு உரிய மேக் முகவரி எது என்பதை ஏஆர்பி முறையில் ஒரு தடவை கேட்டறிந்து நினைவில் வைத்துக்கொள்ளும். கேட்வே இறந்துவிட்டால் கணினிக்கு வேறு வழி தெரியாது. ரவுட்டர்களுக்கு இடையே ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற நெறிமுறைகள் மாற்று வழியைக் கண்டுபிடித்துத் தரும். ஆனால் கணினிக்கும் முதல் ரவுட்டருக்கும் இடையே உள்ள முதல் எட்டில் அத்தகைய பேச்சுவார்த்தை எதுவும் இல்லை.

இதற்குத் தொடக்க காலத்திலும் தீர்வுகள் இருந்தன. 1987-ல் ஆவணப்படுத்தப்பட்ட பிராக்ஸி ஏஆர்பி முறையில், ரவுட்டர் தானே முன்வந்து மற்ற நெட்வொர்க்குகளின் முகவரிகளுக்காகப் பதில் சொல்லும். அந்த ரவுட்டர் இறந்தால், கணினி தன் ஏஆர்பி நினைவைப் புதுப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டும். 1991-ல் ஆர்எஃப்சி 1256 என்ற இணையத் தர ஆவணம் வழியே ஐசிஎம்பி ரவுட்டர் கண்டறிதல் முறை வந்தது. அதில் ரவுட்டர்கள் 7 முதல் 10 நிமிடங்களுக்கு ஒரு முறை தங்களை அறிவிக்கும். அறிவிப்பு 30 நிமிடம் செல்லுபடியாகும். இறந்த ரவுட்டரை நம்பிக் கணினி அரை மணி நேரம் வரை காத்திருக்கக்கூடும். கவுன்ட்டரில் வரிசை நிற்கும் ஓர் அலுவலகத்துக்கு இவை இரண்டுமே உதவாது.

தீர்வு வளர்ந்த கதை

அடுத்து வந்த யோசனை எளிமையானது. கணினியை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது. இரண்டு ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி, ஒரு பொது ஐபி முகவரியையும் ஒரு பொது மேக் முகவரியையும் வைத்துக்கொள்ளும். ஒரு நேரத்தில் அவற்றில் ஒன்று மட்டுமே அந்த முகவரிக்காகப் பணி செய்யும். அது விழுந்தால் மற்றது அதே முகவரியோடு தொடரும். கணினியைப் பொறுத்தவரை கேட்வே என்றுமே மாறவில்லை.

சிஸ்கோ நிறுவனம் இதை எச்எஸ்ஆர்பி என்ற பெயரில் 1990-களின் நடுவில் கொண்டுவந்தது. 1998 மார்ச்சில் ஆர்எஃப்சி 2281-ஆக அது தகவலுக்காக வெளியிடப்பட்டது. அடுத்த மாதமே இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் தன் பொதுத் தரமான விஆர்ஆர்பியை ஆர்எஃப்சி 2338-ஆக வெளியிட்டது. அது 2004-ல் ஆர்எஃப்சி 3768 ஆகத் திருத்தப்பட்டது. ஐபிவி6-ஐயும் உள்ளடக்கிய மூன்றாம் பதிப்பு 2010-ல் ஆர்எஃப்சி 5798 ஆக வந்தது. 2024 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 9568 அதைப் புதுப்பித்தது.

இந்த வரலாற்றில் ஒரு சர்ச்சையும் உண்டு. விஆர்ஆர்பியின் அடிப்படை தன் காப்புரிமைக்குள் வருவதாக சிஸ்கோ சொன்னது. அதை ஏற்காத ஓபன்பிஎஸ்டி என்ற திறந்த மூல இயங்குதளத்தின் குழு, கார்ப் என்ற சொந்த நெறிமுறையை எழுதி 2004-ல் ஓபன்பிஎஸ்டி 3.5 பதிப்பில் சேர்த்தது. தனி எண் ஒதுக்கீடு கிடைக்காததால் கார்ப்பும் விஆர்ஆர்பியின் அதே 112 என்ற நெறிமுறை எண்ணைப் பயன்படுத்துகிறது. பொது மேக் முகவரி அமைப்பும் இரண்டுக்கும் ஒன்றே. எனவே ஒரே விலானில் (ஸ்விட்சில் பிரிக்கப்பட்ட தனி உள் நெட்வொர்க்கில்) இரண்டையும் ஒரே குழு எண்ணில் ஓட்டினால் மோதல் வரும். கார்ப்பைப் பயன்படுத்தும் பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலும் விஆர்ஆர்பி ஓடும் வேறு கம்பெனி ஸ்விட்சும் அருகருகே இருக்கும் சிறு அலுவலகங்களில் இதைக் கவனித்துத்தான் எண் கொடுக்க வேண்டும்.

இன்று நடைமுறையில் தேர்வு இப்படி அமைகிறது. இரண்டு பெட்டிகளும் சிஸ்கோ என்றால் எச்எஸ்ஆர்பி. வெவ்வேறு கம்பெனிகள் கலந்திருந்தால் விஆர்ஆர்பி. லினக்ஸ் கணினிகளையே ரவுட்டராக்கினால் கீப்அலைவ்டி என்ற திறந்த மூல மென்பொருள் வழியே விஆர்ஆர்பி. இவை தவிர, நான்கு பெட்டிகள் வரை ஒரே நேரத்தில் பளுவைப் பகிரும் ஜிஎல்பிபி என்ற சிஸ்கோவின் முறையும் உண்டு. ஆனால் ஸ்விட்சுகளில் அதன் புழக்கம் குறைவு.

மூன்றரை நொடியில் நடப்பது

விஆர்ஆர்பியில் பணியில் இருக்கும் பெட்டி ஒரு நொடிக்கு ஒரு முறை 224.0.0.18 என்ற முகவரிக்கு 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கும். காத்திருக்கும் பெட்டி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எத்தனை நேரம் சத்தம் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று அறிவிப்பு நேரம், அதோடு ஒரு சிறு சேர்ப்பு. அந்தச் சேர்ப்பு, 256-லிருந்து பெட்டியின் முன்னுரிமை எண்ணைக் கழித்து 256-ஆல் வகுத்தால் கிடைப்பது. முன்னுரிமை 100 என்றால் சேர்ப்பு 0.61 நொடி, காத்திருப்பு மொத்தம் 3.61 நொடி. முன்னுரிமை 150 என்றால் சேர்ப்பு 0.41 நொடிதான். காத்திருக்கும் பெட்டிகள் பல இருந்தால் தகுதியில் முந்தியது ஒரு கணம் முன்னதாக எழுந்து இடத்தைப் பிடிக்கும். மற்றவை அதன் அறிவிப்பைக் கேட்டு அமைதியாகிவிடும்.

எழுந்த பெட்டி உடனே யாரும் கேட்காமலே ஓர் ஏஆர்பி அறிவிப்பை எல்லாருக்கும் அனுப்பும். கணினிகளின் நினைவில் உள்ள மேக் முகவரி மாற வேண்டியதில்லை. பழையதும் புதியதும் ஒரே பொது மேக் முகவரிதான். மாற வேண்டியது நடுவில் உள்ள ஸ்விட்சுகளின் அட்டவணை. அந்த மேக் முகவரி இனி வேறு போர்ட்டில் இருக்கிறது என்பதை இந்த ஒரே பாக்கெட்டைப் பார்த்து அவை கற்றுக்கொள்கின்றன. திட்டமிட்டு நிறுத்தும்போது மாற்றம் இன்னும் வேகமாக நடக்கும். நிறுத்தப்படும் பெட்டி முன்னுரிமை 0 என்று கடைசி அறிவிப்பு விடும். அதைக் கேட்ட அடுத்த பெட்டி மூன்று அறிவிப்பு நேரம் காத்திருக்காமல் அந்தச் சிறு சேர்ப்பு நேரத்திலேயே எழுந்துவிடும்.

எச்எஸ்ஆர்பியில் அறிவிப்பு 3 நொடிக்கு ஒரு முறை, காத்திருப்பு 10 நொடி. இரண்டிலும் நேரத்தை ஒரு நொடிக்குக் கீழேயும் இறக்க முடியும். விஆர்ஆர்பி மூன்றாம் பதிப்பில் நொடியின் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நேரம் குறிக்கலாம். ஆனால் அவசரப்பட்டு மிகவும் குறைத்தால், ஸ்விட்சின் சிபியு ஒரு கணம் வேலைப் பளுவில் தடுமாறினாலும் அறிவிப்பு தவறும். உயிரோடிருக்கும் பெட்டியை இறந்ததாக எண்ணி மற்றது இடத்தைப் பிடிக்கும். பிறகு திரும்ப விட்டுக்கொடுக்கும். பத்திரப் பதிவுக்கும் வங்கிக் கவுன்ட்டருக்கும் மூன்றரை நொடி தடங்கல் தெரியவே தெரியாது. நொடிக்குக் கீழே போவது, குரல் அழைப்பு நிறைந்த இடத்துக்கும் தரவு மையத்துக்கும் உரிய தேவை.

அமைக்கும்போது முடிவு செய்ய வேண்டியவை

ரவுட்டர் வேலையையும் செய்யும் இரண்டு லேயர்-3 ஸ்விட்சுகள், ஏ, பி என்று கொள்வோம். பொது முகவரி 192.168.10.1. ஏ-வின் சொந்த முகவரி 192.168.10.2, பி-யினுடையது 192.168.10.3. ஏ-வுக்கு முன்னுரிமை 120, பி-க்கு இயல்பான 100. இவ்வளவும் எழுத ஐந்து வரி போதும். இதோடு அமைப்பு முடிந்துவிட்டதாக எண்ணும் இடங்களே அதிகம். உண்மையில் வடிவமைப்பு இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, ஸ்விட்சுகளுக்கு இடையே பாக்கெட் சுழலாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ. ஒரு விலானுக்கு எந்த ஸ்விட்ச் கேட்வேயாக இருக்கிறதோ, அதே ஸ்விட்ச்தான் அந்த விலானின் ஸ்பேனிங் ட்ரீ மையமான ரூட் பிரிட்ஜாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் கணினியிலிருந்து கிளம்பும் பாக்கெட் முதலில் பி-க்குப் போய், இரண்டுக்கும் நடுவே உள்ள கேபிளைக் கடந்து ஏ-வுக்கு வந்து, பிறகுதான் வெளியேறும். பழுது நேரத்திலும் இது இடிக்கும். கேட்வே மூன்றரை நொடியில் மாறியிருக்கும். பழைய 802.1டி முறையில் போர்ட் திறக்க 30 நொடி ஆகும். பயனாளருக்கு அரை நிமிடத் தடங்கல். ரேபிட் ஸ்பேனிங் ட்ரீ இயங்குவதை உறுதி செய்யாமல் கேட்வே நேரத்தைக் குறைப்பது வீண் வேலை.

இரண்டாவது, வெளி இணைப்பைக் கண்காணிப்பது. இந்த நெறிமுறைகள் அலுவலகப் பக்கத்தில் மட்டுமே பேசிக்கொள்கின்றன. ஏ-வின் வெளி ஃபைபர் அறுந்தாலும் உள்பக்கம் அது 'நான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பி அதை நம்பிச் சும்மா இருக்கும். அலுவலகம் முழுதும் இருட்டில் இருக்கும். இதற்காகத்தான் டிராக்கிங் என்ற ஏற்பாடு. வெளி போர்ட் விழுந்தால் முன்னுரிமையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

இந்தக் குறைப்பில் ஒரு கணக்குப் பிழை பலரையும் வீழ்த்தியிருக்கிறது. குறைப்பின் அளவைச் சொல்லாவிட்டால் சிஸ்கோ ஸ்விட்ச் 10 மட்டுமே குறைக்கும். 120-லிருந்து 10 போனால் 110. பி-யின் 100-ஐவிட அது இன்னும் அதிகம். ஒன்றும் மாறாது. குறைப்பு 20-க்கு மேல் இருக்க வேண்டும். 30 என்று வைத்தால் 90 ஆகும். அப்போதும் பி-யில் ப்ரீஎம்ப்ட் இயக்கப்பட்டிருக்க வேண்டும். உயிரோடிருக்கும் பெட்டியிடமிருந்து முன்னுரிமையின் பேரில் இடத்தைப் பிடிக்கும் அனுமதி அது. விஆர்ஆர்பியில் இந்த அனுமதி இயல்பாகவே உண்டு. எச்எஸ்ஆர்பியில் நாம்தான் தர வேண்டும். திரையில் டிராக்கிங் வரி இருக்கும், ப்ரீஎம்ப்ட் வரி இருக்காது. பழுது வரும் நாள் வரை எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும்.

இதிலும் ஒரு படி மேலே போக வேண்டும். சேவை நிறுவனத்தின் மோடம் ஸ்விட்சின் பக்கத்திலேயே இருந்தால், ஊருக்கு வெளியே ஃபைபர் அறுந்தாலும் போர்ட் விளக்கு பச்சையாகவே எரியும். எனவே போர்ட்டை மட்டும் பார்க்காமல், தொலைவில் உள்ள ஒரு முகவரிக்கு பிங் போகிறதா என்று தொடர்ந்து சோதித்து அதன் விடையை டிராக்கிங்கோடு இணைக்க வேண்டும். சோதிக்கும் முகவரி ஒன்றோடு நிற்கக் கூடாது. இரண்டு மூன்று முகவரிகளும் ஒருசேரப் பதில் தராதபோது மட்டும் மாறும்படி அமைப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது, திரும்பி வரும் நேரம். மின்தடை முடிந்து ஏ மறுபடி எழும்போது, முன்னுரிமை அதிகம் என்பதால் உடனே இடத்தைப் பிடிக்கப் பார்க்கும். ஆனால் அதன் வெளி வழிகள் இன்னும் கற்கப்பட்டிருக்காது. கேட்வே பொறுப்பை ஏற்று, போக வழி தெரியாமல் பாக்கெட்டுகளைக் கொட்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அலுவலகம், பழுது சரியான நேரத்தில் நின்றுபோகும். ஈ.பி. லைன் போவதும் வருவதுமாக இருக்கும் ஊர்களில் இது ஒரே நாளில் பலமுறை நடக்கும். ப்ரீஎம்ப்டுக்கு இரண்டு மூன்று நிமிடத் தாமதம் வைப்பதே மருந்து.

நான்காவது, பாதுகாப்பு. இந்த அறிவிப்புகளை யாரும் அனுப்ப முடியும் என்பதே இவற்றின் பலவீனம். எச்எஸ்ஆர்பியின் இயல்பான கடவுச்சொல் எல்லாரும் அறிந்த 'சிஸ்கோ' என்ற சொல்தான். அதை எம்டி5 முறைக்கு மாற்ற வேண்டும். விஆர்ஆர்பி அங்கீகார முறையையே 2004-ல் கைவிட்டுவிட்டது. டிடிஎல் மதிப்பு 255 இல்லாத அறிவிப்பை அது ஏற்காது என்பதால் வெளி நெட்வொர்க்கிலிருந்து ஏமாற்ற முடியாது. உள்ளே ஒரு லேப்டாப்பைச் செருகுபவரை அது தடுக்காது. பயனாளர் போர்ட்டுகளில் இந்த அறிவிப்புகள் நுழையாதபடி வடிகட்டி போடுவது அமைப்பவரின் கடமை.

நெறிமுறையின் கண்ணுக்குத் தெரியாதவை

நெறிமுறை பார்க்காதவற்றைப் புரிந்துகொள்ள ஊரின் கோட்டையையே பார்க்கலாம். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராத்தியரின் ராணுவ நிலப்பரப்புகளான 12 கோட்டைகளுள் ஒன்றாகச் சேர்ந்தது. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டிலுள்ள ஒரே கோட்டை இதுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதிலால் இணைத்த இக்கோட்டையை முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் 1690-லிருந்து முற்றுகையிட்டு, 1698-ல்தான் கைப்பற்றினார். முற்றுகை நீண்டதற்கு வெளிக்களத்து மராத்தியப் படைகளும் அன்றைய அரசியலும் காரணம். கோட்டையின் அமைப்பும் ஒரு காரணம். ராஜகிரி உச்சியில் தனி நீர்ச்சுனையும் களஞ்சியமும் உண்டு. கிருஷ்ணகிரிக்கும் தனியாகக் களஞ்சியங்களும் நீர்நிலையும் உண்டு. கீழ்க்கோட்டை போனாலும் மலை தன் தண்ணீரையும் தன் நெல்லையும் கொண்டு நிற்க முடியும். மூன்று மலைகளும் ஒரே கிணற்றை நம்பியிருந்தால் மூன்று என்ற எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை.

இரண்டு கேட்வேக்களைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. இரண்டும் எதைப் பொதுவாக நம்பியிருக்கின்றன? ஒரே ரேக்கில் ஒரே யூபிஎஸ்ஸில் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் இரண்டையும் செருகியிருந்தால், பேட்டரி தீரும்போது இரண்டும் சேர்ந்தே போகும். முன்னுரிமை எண் அங்கே எதையும் காப்பாற்றாது. அலுவலகக் கணினிகள் செருகியிருக்கும் கீழ் ஸ்விட்ச் ஒன்றே என்றால், மேலே இரண்டு கேட்வே இருந்தும் அந்த ஒன்று போனால் எல்லாம் போச்சு. இரண்டு இணைப்புகளை இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் வாங்கியிருந்தாலும், இரண்டு ஃபைபரும் சாலையோரம் ஒரே பள்ளத்திலோ ஒரே மின்கம்பத்திலோ வரக்கூடும். சாலை அகலப்படுத்த வந்த ஒரு ஜேசிபி இரண்டையும் ஒரே தோண்டலில் அறுத்துவிடும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. இரண்டு பெட்டிகளும் நலமாக இருந்து, அவற்றுக்கு நடுவேயான கேபிள் மட்டும் அறுந்து, பேச வேறு வழியும் இல்லாவிட்டால் ஒன்று மற்றது இறந்ததாக எண்ணும். இரண்டும் ஒரே முகவரியோடு பணியில் இறங்கும். கணினிகளில் பாதி ஒன்றிடமும் பாதி மற்றொன்றிடமும் போகும். போன பாக்கெட்டின் பதில் திரும்பி வராது. நடுக் கேபிளை இரண்டாகப் போட்டு, எல்ஏசிபி முறையில் ஒரே இணைப்பாகக் கட்டி, இரண்டையும் வெவ்வேறு பாதையில் இழுப்பதே இதற்குத் தடுப்பு.

ஃபயர்வாலும் நேட்டும் இன்னொரு இடறல். கேட்வேயே உள் முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றும் நேட் வேலையைச் செய்யும் பெட்டி என்றால், ஏ-வில் நடந்துகொண்டிருந்த உரையாடல்களின் அட்டவணை பி-யிடம் இருக்காது. முகவரி மாறாமல் கைமாறினாலும் திறந்திருந்த தொடர்புகள் அறுந்துவிடும். அட்டவணையை ஒத்திசைக்கும் வசதி உள்ள பெட்டிகளில் அதைத் தனியே இயக்க வேண்டும். அதுவும் இரண்டு இணைப்புகளும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை என்றால் பயன்படாது. வெளியே தெரியும் பொது முகவரியே மாறிவிடுவதால் வங்கித் தளம் மறுபடி உள்நுழையச் சொல்லும். இதை முன்கூட்டியே ஊழியர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது. பாதியில் நின்ற பணப் பரிமாற்றத்தை இரண்டாம் முறை அனுப்பும் முன் முதல் முறை சென்றதா என்று பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு வர வேண்டும்.

இரட்டைப் பெட்டியைத் தாண்டி

பெரிய நெட்வொர்க்குகள் இப்போது வேறு திசையில் நகர்ந்துவிட்டன. ஒன்று பணி செய்ய மற்றொன்று சும்மா இருப்பது பணவிரயம் என்பது அவர்கள் வாதம். இதற்கு எளிய பதில், விலான் 10-க்கு ஏ-வும் விலான் 20-க்கு பி-யும் முன்னிற்கும்படி பிரிப்பது. ஆனால் ஒன்று விழுந்தால் மற்றது முழுப் பளுவையும் தாங்க வேண்டும். இரண்டும் 70 சதவீதப் பளுவில் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே மாற்று ஏற்பாடு இல்லை என்றே பொருள்.

அடுத்தது எம்எல்ஏஜி. சிஸ்கோ நெக்ஸஸ் ஸ்விட்சுகளில் இதன் பெயர் விபிசி. கீழ் ஸ்விட்சிலிருந்து இரண்டு மேல் ஸ்விட்சுகளுக்கும் போகும் கேபிள்கள் ஒரே இணைப்பாகத் தெரியும். பொது மேக் முகவரிக்கு வரும் பாக்கெட்டை இரண்டுமே அனுப்பிவைக்கும். ஸ்டேக்கிங் முறை இன்னும் எளிது. இரண்டு பெட்டிகளும் ஒரே ஸ்விட்சாகத் தோன்றும். கேட்வே நெறிமுறையே தேவைப்படாது. ஆனால் மென்பொருளும் கட்டுப்பாடும் ஒன்றாகிவிடுவதால் ஒரு மென்பொருள் கோளாறோ தவறான ஒரு கட்டளையோ இரண்டையும் சேர்த்து வீழ்த்தும். பொதுவாக நம்பியிருப்பது எது என்ற அதே கேள்வி இங்கும் எழுகிறது.

தரவு மையங்களில் எனிகாஸ்ட் கேட்வே முறை நிலைபெற்றுவிட்டது. ஒவ்வொரு ஸ்விட்சும் ஒரே கேட்வே முகவரியை ஒரே மேக் முகவரியோடு ஒரே நேரத்தில் வைத்திருக்கும். தேர்தலும் இல்லை, அறிவிப்பும் இல்லை. 2015-ல் ஆர்எஃப்சி 7432 வழியே தரமான இவிபிஎன் இதற்கு முதுகெலும்பு.

ஐபிவி6-ல் ரவுட்டர்கள் தங்களைத் தாமே அறிவிக்கும் முறை நெறிமுறையிலேயே உண்டு. அப்படியானால் விஆர்ஆர்பி எதற்கு? இயல்பான அமைப்பில் ஒரு கணினி தன் ரவுட்டர் இறந்ததை உணர்ந்து வேறொன்றுக்கு மாற சுமார் 38 நொடி ஆகும் என்று ஆர்எஃப்சி 5798 கணக்கிடுகிறது. மூன்றரை நொடிக்கும் 38 நொடிக்கும் உள்ள வித்தியாசமே மூன்றாம் பதிப்பின் நியாயம். ஐபிவி4-க்கு மட்டும் மாற்று ஏற்பாடு செய்து ஐபிவி6-ஐ மறந்த இடங்களில், பழுது வந்தால் சில தளங்கள் திறக்கும், சில திறக்காது. கண்டுபிடிக்கக் கடினமான பழுது அது.

செஞ்சிக்கு எது பொருந்தும்

ஓர் ஊரின் வலைத்தொடர்பு அந்த ஊருக்குள் முடிவதில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது சென்னையில் கடலடிக் கேபிள் இணைப்பு பழுதாகி இணைய வேகம் குறைந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அத்தகைய நாளில்தான் நிவாரணத்துக்கும் மருத்துவத்துக்கும் பணத்துக்கும் தொடர்பு அதிகம் தேவை. கிழக்கே கடற்கரைப் பக்கத்து வழி போனால் மேற்கே திருவண்ணாமலை வழி இருக்க வேண்டும். நான்கு சாலை கூடும் ஊருக்கு அந்த வாய்ப்பு இயற்கையிலேயே இருக்கிறது.

அரசின் பெரிய திட்டங்களும் இந்தப் பாடத்துக்கு வந்துவிட்டன. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் பணிக்காகத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் 2018-ல் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த திருத்திய பாரத்நெட் திட்டம், நேர்கோட்டில் போன இணைப்புகளை வளைய வடிவத்துக்கு மாற்றச் சொல்கிறது. நேர்கோட்டில் ஓரிடம் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள அத்தனை ஊர்களும் இருட்டு. வளையத்தில் ஓரிடம் அறுந்தால் பாக்கெட் மறுபக்கமாகச் சுற்றி வரும். ஊருக்குள் வரும் வழி இரட்டையாகும்போது, கட்டடத்துக்குள் இருக்கும் கேட்வே ஒற்றையாகவே இருந்தால் அந்த முதலீட்டின் பயன் வாசலோடு நின்றுவிடும்.

கையில் உள்ள பணம் குறைவு என்றால் எந்த வரிசையில் செலவழிப்பது? என் துணிபு இது. முதலில் மின்சாரம். தனித்தனி யூபிஎஸ் இரண்டு, ஆண்டுக்கொரு முறை பேட்டரிச் சோதனை. சிறு நகரத்தில் நெட்வொர்க் நிற்பதற்குப் பெட்டி பழுதாவதைவிட மின்சாரம் போவதே அடிக்கடி காரணமாகிறது. இரண்டாவது, வேறு பாதையில் வரும் வேறு இணைப்பு. வாங்கும்போது நிறுவனத்தின் பெயரைவிட ஃபைபர் எந்தச் சாலை வழியே வருகிறது என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். ஃபைபர் கிடைக்காவிட்டால் மொபைல் வழியே வரும் 4ஜி இணைப்பு நல்ல துணை. மூன்றாவதாகத்தான் இரண்டாவது கேட்வே.

அந்த மூன்றாவது கட்டத்துக்கும் இரண்டு விலையுயர்ந்த ஸ்விட்சுகள் கட்டாயமில்லை. பத்துப் பதினைந்து கணினி உள்ள அலுவலகத்துக்கு விஆர்ஆர்பி வசதி கொண்ட மைக்ரோடிக் போன்ற சிறு ரவுட்டர்கள் இரண்டு போதும். கீப்அலைவ்டி ஓடும் லினக்ஸ் கணினிகள் இரண்டும் அதே வேலையைச் செய்யும். அதுவும் முடியாவிட்டால், அமைப்பு ஏற்றப்பட்ட மாற்றுப் பெட்டி ஒன்றை அலமாரியில் வைத்து, எந்தக் கேபிளை எதில் மாற்ற வேண்டும் என்று தமிழில் எழுதி ரேக்கில் ஒட்டிவைக்கலாம். தொழில்நுட்பர் விழுப்புரத்திலிருந்து வந்து சேரும் வரை காத்திருப்பதைவிட அது மேல். முந்நூறு கணினி உள்ள கல்லூரிக்கும், பல துறைகள் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் வளாகத்துக்கும் மருத்துவமனைக்கும் இது போதாது. அங்கே இரண்டு லேயர்-3 ஸ்விட்சுகளும், கீழ் ஸ்விட்ச் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டுக்கும் தனித்தனிக் கேபிளும் வேண்டும்.

கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பது

இவை அனைத்தையும் செய்துவிட்டுச் சோதிக்காமல் விட்டால் செய்ததற்கு அர்த்தமில்லை. திரையில் ஒன்று ஆக்டிவ், மற்றொன்று ஸ்டாண்ட்பை என்று தெரிவது, அறிவிப்பு போய் வருகிறது என்பதை மட்டுமே காட்டும். மாற்றம் உண்மையில் நடக்கும் என்பதற்கு அது சாட்சியாகாது.

சோதனையை அலுவலக நேரம் முடிந்த பிறகு, ஒரு கணினியிலிருந்து வெளி முகவரிக்குத் தொடர்ந்து பிங் ஓடவிட்டுத் தொடங்கலாம். முதலில் ஏ-வின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். விஆர்ஆர்பி இயல்பு நேரங்களில் மூன்று நான்கு பிங் தவறினால் சரி. முப்பது தவறினால் ஸ்பேனிங் ட்ரீயைப் பார்க்க வேண்டும். அடுத்து ஏ-வைத் திரும்ப எழுப்பி, அது இடத்தைத் திரும்பப் பெறும் கணத்தில் எத்தனை தவறுகின்றன என்று எண்ண வேண்டும். மூன்றாவதாக ஏ-வின் வெளிக் கேபிளை மட்டும் பிடுங்க வேண்டும். நான்காவதாக அந்தக் கேபிளை விட்டுவிட்டு, மோடத்துக்கு அப்பால் உள்ள ஃபைபரைக் கழற்ற வேண்டும். போர்ட் விளக்கு பச்சையாகவே இருக்கும் இந்த நான்காவது சோதனையில்தான் அதிகமான அமைப்புகள் தோற்கின்றன. ஐந்தாவதாக நடுக் கேபிள்களில் ஒன்றைப் பிடுங்கி, இரண்டும் ஆக்டிவ் ஆகாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாக ஈ.பி. மெயினையே அணைத்து, யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறிக்க வேண்டும். எண்களைத் தேதியோடு எழுதி ரேக்கிலேயே ஒட்ட வேண்டும். இதை ஆண்டில் இரண்டு முறையாவது, அதில் ஒன்றை வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் செய்வது நல்லது.

விஆர்ஆர்பியும் எச்எஸ்ஆர்பியும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் தம் வேலையைச் செம்மையாகச் செய்துவருகின்றன. அவற்றின் வேலை, பக்கத்துப் பெட்டி பேசுகிறதா என்று கேட்பது மட்டுமே. மின்சாரம் எங்கிருந்து வருகிறது, ஃபைபர் எந்தச் சாலை வழி வருகிறது, பேட்டரிக்கு வயது என்ன என்பதையெல்லாம் மனிதர்தான் கேட்க வேண்டும். அரசு அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் நெட்வொர்க் டெண்டர் எழுதுபவர்கள் 'இரண்டு கேட்வே' என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதோடு மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும்: தனித்தனி மின்மூலம், வரைபடத்தோடு தனித்தனி ஃபைபர் பாதை, பணம் பட்டுவாடா ஆவதற்கு முன் மேற்சொன்ன ஆறு சோதனைகளும் பயனாளர் துறையின் முன்னிலையில். இதற்கு ஆகும் கூடுதல் செலவு சிறிது. மேல்மலையனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் ஒருவர், வந்த அன்றே வேலை முடித்துத் திரும்புவது அதைப் பொறுத்திருக்கிறது.